சாக்கெட் தயார் என்றால் தரவு தயார் என்று அர்த்தமில்லை: டிஎல்எஸ் இணைப்பில் காத்திராமல் படிப்பது எப்படி

"ரீட் இருந்த இடத்தில் எஸ்எஸ்எல்_ரீட் போட்டால் போதும், மறையாக்கம் தானாக நடந்துவிடும்." சி மொழியில் நெட்வொர்க் நிரல் எழுதத் தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். தரவு வரும்வரை நிரல் அப்படியே நின்று காத்திருக்கும் எளிய நிரல்களில் இது ஏறக்குறைய சரி. ஒரே திரெட்டில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் காத்திராமல் கவனிக்கும் நிரலில் இது தவறு. அந்தத் தவறு சோதனையின்போது கண்ணில் படாது. சின்னச் சின்னச் செய்திகளோடு எல்லாம் ஒழுங்காக ஓடும், பெரிய பதில் ஒன்று வரும் நாளில் இணைப்பு அப்படியே உறைந்து நிற்கும். பிழைச்செய்தியும் இருக்காது.

எங்கே பிசகுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். உதாரணங்களுக்கு டிஎல்எஸ் மறையாக்கத்தைச் செய்துதரும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை எடுத்துக்கொள்கிறேன்; எஸ்எஸ்எல்_ரீட் அதன் ஃபங்ஷன்தான். ஃபங்ஷன் பெயர்களையும் மாறிலிப் பெயர்களையும் ஒலிப்படியே எழுதுகிறேன்.

மறையாக்கம் இல்லாத சாக்கெட்டில் என்ன நடக்கிறது

உங்கள் வீட்டு வாசலில் ஒரு தபால்பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து வருவதெல்லாம் அதில்தான் விழும். கணினியில் அந்தப் பெட்டி கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இருக்கும் பஃபர், அதாவது நெட்வொர்க்கில் வந்த பைட்டுகள் உங்கள் நிரல் எடுக்கும்வரை தங்கியிருக்கும் நினைவகப் பகுதி. சாக்கெட் என்பது அந்தப் பெட்டியைத் திறக்க உங்கள் கையில் இருக்கும் பிடி.

பெட்டி காலியாக இருக்கும்போது ரீட் கூப்பிட்டால் என்ன ஆகும்? வழக்கமான சாக்கெட் என்றால், ஏதாவது வந்து விழும்வரை உங்கள் நிரல் பெட்டி முன்னாலேயே நின்றுவிடும். இதற்குப் பெயர் பிளாக்கிங். ஒரே ஒரு இணைப்பு என்றால் பரவாயில்லை. நூறு பெட்டிகளைக் கவனிக்க வேண்டிய ஆள் ஒரு பெட்டி முன்னால் நின்றுவிட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதும் கேட்பாரற்றுக் கிடக்கும்.

எஃப்சிஎன்டிஎல் மூலம் ஓ_நான்பிளாக் என்ற கொடியை ஏற்றிவிட்டால் சாக்கெட்டின் போக்கு மாறும். பெட்டி காலியாக இருந்தால் ரீட் உடனே -1 கொடுத்துத் திரும்பிவிடும், எர்ர்நோவில் (கடைசிப் பிழையின் எண் தங்கும் மாறி) ஈஅகெய்ன் இருக்கும். "இப்போது ஒன்றுமில்லை, அப்புறம் வா" என்பதுதான் அதன் பொருள். இது பிழை இல்லை. (ஈவுட்பிளாக் என்றும் ஒரு பெயர் உண்டு. லினக்ஸில் இரண்டும் ஒரே எண். போசிக்ஸ் தரப்படி வேறு வேறாக இருக்கவும் இடமுண்டு, அதனால் இரண்டையும் சோதிப்பது நல்லது.) ரீட் 0 கொடுத்தால் கதை வேறு: மறுமுனையிலிருந்து இனி எதுவும் வராது.

சரி, "அப்புறம்" என்றால் எப்போது? அதற்குத்தான் செலக்ட், போல், ஈபோல் எல்லாம். தபால்பெட்டியில் கட்டிவைத்த மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஏதாவது இருந்தால் மணி அடிக்கும், நீங்கள் போய் எடுப்பீர்கள். மூன்றுக்கும் வேறுபாடுகள் உண்டு, இந்தக் கட்டுரைக்கு அவை தேவையில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மணி அடித்தால் பெட்டியில் பைட்டுகள் இருக்கின்றன, மணி அடிக்கவில்லை என்றால் இல்லை. சாதாரண சாக்கெட்டில் நிரல் எழுதி எழுதி இந்தச் சமன்பாடு நமக்குள் ஊறிப்போகிறது. டிஎல்எஸ் வந்ததும் உடைவது இதுதான்.

நடுவில் ஒருவர் வந்து உட்கார்கிறார்

டிஎல்எஸ் என்பது இரு முனைகளுக்கும் இடையில் போகும் பைட்டுகளை மறைத்து, வழியில் யாரும் அவற்றைத் திருத்தவில்லை என்பதையும் உறுதிசெய்யும் நெறிமுறை. எஸ்எஸ்எல் என்பது அதன் பழைய பெயர். 1999-இல் டிஎல்எஸ் 1.0 வந்தபோதே பெயர் மாறிவிட்டது, லைப்ரரி ஃபங்ஷன்களில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்குள் ஓர் உதவியாளர் இருக்கிறார். தபால்பெட்டியில் விழுவதை இனி நீங்கள் நேரடியாகத் தொடக்கூடாது. முத்திரையிட்ட பொட்டலங்களாக வருவதை அவர் எடுத்து, முத்திரையைச் சரிபார்த்து, பிரித்து, உள்ளே இருக்கும் தாள்களைத் தன் மேசையில் வைப்பார். நீங்கள் கேட்கும்போது மேசையிலிருந்து எடுத்துத் தருவார். லைப்ரரிதான் அந்த உதவியாளர். நீங்கள் அவரிடம் கேட்பதுதான் எஸ்எஸ்எல்_ரீட்.

அந்தப் பொட்டலத்துக்கு ரெக்கார்ட் என்று பெயர். ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் 5 பைட்டுகள்: உள்ளே இருப்பது என்ன வகை என்பதற்கு ஒன்று, பதிப்புக்கு இரண்டு, நீளத்துக்கு இரண்டு. ஒரு ரெக்கார்டுக்குள் அதிகபட்சம் 16,384 பைட்டுகள் தரவு இருக்கலாம். கூடவே முத்திரையும் வரும், அதாவது ரெக்கார்ட் முழுவதையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்.

முத்திரை ரெக்கார்ட் முழுவதற்கும் போட்டது என்பதைக் கவனியுங்கள். பாதி ரெக்கார்டை வைத்துக்கொண்டு அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்காத தரவை உங்களிடம் நீட்டினால் நடுவழியில் யாரோ மாற்றி எழுதியதை உண்மை என்று நம்பிவிடுவீர்கள். ஆகவே கடைசி பைட் வரும்வரை உதவியாளர் ஒரு எழுத்தைக்கூட வெளியே விடமாட்டார். இனி வரும் சிக்கல்களில் முதலாவது இங்கிருந்துதான் பிறக்கிறது.

சுருக்கமாக: முன்பு ஒரு பெட்டி இருந்தது. இப்போது வாசலில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு மேசை என்று இரண்டு இடங்கள். மணி வாசல் பெட்டியில் மட்டும்தான் கட்டியிருக்கிறது.

மணி அடித்தது, கையில் ஒன்றும் வரவில்லை

16,384 பைட்டுகள் கொண்ட ரெக்கார்ட் ஒன்று கிளம்புகிறது. ஈதர்நெட் வழியாகப் போகும் ஒரு டிசிபி பாக்கெட்டில் சுமார் 1,460 பைட்டுகள்தான் ஏறும், ஆக அந்த ஒரு ரெக்கார்ட் பன்னிரண்டு துண்டுகளாக வரும். முதல் துண்டு விழுந்ததுமே மணி அடிக்கும். நீங்கள் எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிடுவீர்கள். உதவியாளர் வந்ததை எடுத்து வைத்துக்கொண்டு "இன்னும் முழுசாக வரவில்லை" என்பார்.

அவர் அதைச் சொல்லும் முறை இது: எஸ்எஸ்எல்_ரீட் பூஜ்யமோ எதிர்மறை எண்ணோ திருப்பும். உடனே எஸ்எஸ்எல்_கெட்_எரர் கூப்பிட்டுக் கேட்டால் எஸ்எஸ்எல்_எரர்_வான்ட்_ரீட் என்று பதில் வரும். இதை இனி வான்ட்_ரீட் என்று மட்டும் சொல்கிறேன். பெயரில் "எரர்" இருப்பதைப் பார்த்துப் பயந்து இணைப்பை மூடிவிடுகிறவர்கள் நிறைய. இது ஈஅகெய்னின் உறவுக்காரர்தான்: சாக்கெட்டில் இன்னும் பைட்டுகள் வரட்டும், பிறகு திரும்பக் கூப்பிடு.

முழு ரெக்கார்ட் வந்தபிறகும் கையில் ஒன்றும் கிடைக்காமல் போவதுண்டு. எல்லாப் பொட்டலங்களும் உங்களுக்கானவை இல்லை, சில இரு உதவியாளர்களும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் குறிப்புகள். டிஎல்எஸ் 1.3-இல் கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் சாவிகளை முடிவுசெய்துகொள்ளும் கட்டம்) முடிந்த கையோடு சர்வர் செஷன் டிக்கெட்டுகளை அனுப்பும் (அடுத்த முறை வேகமாக இணைவதற்கான சீட்டுகள்). ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் என்றால் இயல்பாக இரண்டு. கிளையன்ட் பக்கம் மணி அடிக்கும், எஸ்எஸ்எல்_ரீட் அந்தச் சீட்டுகளைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வான்ட்_ரீட் சொல்லும். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

மணி அடிக்கவில்லை, தரவு மேசையில் இருக்கிறது

இதுதான் ஆளைக் கொல்லும் சிக்கல். முன்னதில் ஒரு வீண் நடை மட்டும்தான் நஷ்டம். இதில் நிரல் நின்றே போய்விடும்.

உங்கள் பஃபர் 4,096 பைட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முழு ரெக்கார்ட் வந்து சேர்ந்துவிட்டது, மணி அடிக்கிறது. எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிடுகிறீர்கள். உதவியாளர் வாசல் பெட்டியை முழுவதுமாகக் காலிசெய்து, ரெக்கார்டைப் பிரித்து, நீங்கள் கேட்ட 4,096 பைட்டுகளைத் தருகிறார். மிச்சம் 12,288 பைட்டுகள் அவருடைய மேசையில். நீங்கள் "ஒரு மணிக்கு ஒரு ரீட்" என்ற பழைய பழக்கத்தில் போலுக்குத் திரும்பிப் போய் அடுத்த மணிக்காகக் காத்திருக்கிறீர்கள். கெர்னலைப் பொறுத்தவரை வாசல் பெட்டி காலி, மேசை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மணி அடிக்காது.

மறுமுனை என்ன செய்யும்? அது முழுப் பதிலையும் அனுப்பிவிட்டது, உங்கள் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறது. நீங்கள் பதிலின் மிச்சத்துக்குக் காத்திருக்கிறீர்கள். இரு பக்கமும் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள், டைம்அவுட் வந்து யாராவது இணைப்பை வெட்டும்வரை. நான் இதே பிழையை இரண்டு நாள் நெட்வொர்க்கில் தேடியிருக்கிறேன். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் எல்லா பைட்டுகளும் வந்து சேர்ந்ததாகக் காட்டும், நிரலோ வரவில்லை என்று சாதிக்கும்.

தீர்வு எளிது: மணி அடித்தால் ஒரு முறை கேட்டுவிட்டுப் போகாதீர்கள். எஸ்எஸ்எல்_ரீட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள், உதவியாளரே வான்ட்_ரீட் என்று சொல்லும்வரை. அவர் அப்படிச் சொன்னால் மேசையில் தருவதற்கு எதுவும் இல்லை, வாசலிலும் பெட்டி காலி என்று பொருள். அதன்பிறகு போலுக்குப் போனால் ஆபத்தில்லை.

"எஸ்எஸ்எல்_பெண்டிங் இருக்கிறதே, அதைக் கேட்டால் போதாதா?" என்று கேட்கலாம். பிரித்து முடித்து மேசையில் கிடக்கும் பைட்டுகள் எத்தனை என்று அது சொல்லும். பல நேரம் போதும். ஆனால் ரீட்_அஹெட் என்ற வசதியை இயக்கியிருந்தால் (இயல்பில் அது அணைந்திருக்கும்) உதவியாளர் ஒரே நடையில் பல பொட்டலங்களை அள்ளிவந்துவிடுவார், இன்னும் பிரிக்காத பொட்டலங்கள் எஸ்எஸ்எல்_பெண்டிங்கின் கணக்கில் வராது. அது 0 என்று சொல்லும், மேசைக்கு அடியிலோ ஒரு முழு ரெக்கார்ட் கிடக்கும். பிரிக்காததையும் சேர்த்துப் பார்க்க எஸ்எஸ்எல்_ஹேஸ்_பெண்டிங் 1.1.0 பதிப்பில் வந்தது. ஆனால் பாதி பொட்டலம் இருந்தாலும் அது "இருக்கிறது" என்றே சொல்லும். வான்ட்_ரீட் வரும்வரை கேட்பது இந்தக் கணக்குகள் எதுவும் இல்லாமல் வேலை செய்கிறது, ஆகவே நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

இன்னொரு அறிவுரையும் உலவுகிறது: பஃபரை 16,384 ஆக்கிவிட்டால் பிழை போய்விடும் என்று. போகத்தான் செய்யும், ஏனென்றால் ஒரு எஸ்எஸ்எல்_ரீட் ஒரு ரெக்கார்டை முழுவதுமாக எடுத்துவிடும், அடுத்த ரெக்கார்ட் வாசல் பெட்டியிலேயே இருப்பதால் மணி மறுபடி அடிக்கும். ஆனால் பிழை தீரவில்லை, மறைந்து நிற்கிறது. யாராவது ரீட்_அஹெட்டை இயக்கினாலோ, ஈபோலை எட்ஜ்-டிரிக்கர்ட் முறைக்கு மாற்றினாலோ (புதிதாக ஏதாவது வந்து விழும் கணத்தில் மட்டும் மணி அடிக்கும் முறை) அன்றைக்குத் திரும்பி வரும்.

இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்: மணிக்கும் தரவுக்கும் இருந்த நேரடி உறவு இரு திசையிலும் அறுந்துவிட்டது. மணி அடித்தும் தரவு இல்லாமல் இருக்கலாம், மணி அடிக்காமலே தரவு இருக்கலாம். கேட்க வேண்டியது உதவியாளரை.

படிக்கப் போனால் எழுத வேண்டும் என்கிறதே?

எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிட்டு வான்ட்_ரைட் பதிலாக வந்தால் முதல்முறை பார்ப்பவருக்குக் குழப்பம்தான். உதவியாளர்களுக்கிடையில் குறிப்புகள் போகும் என்றேன் அல்லவா, அவற்றில் சிலவற்றுக்குப் பதில் எழுதியாக வேண்டும். டிஎல்எஸ் 1.2 வரை இணைப்பின் நடுவில் கைகுலுக்கலை மறுபடி நடத்த வழி இருந்தது. 1.3-இல் அது நீக்கப்பட்டது, ஆனால் சாவியைப் புதுப்பிக்கச் சொல்லும் கீஅப்டேட் செய்தி இருக்கிறது, அதற்கு மறுமுனை பதில் கேட்கலாம். கைகுலுக்கலே முடியாத நிலையில் நீங்கள் எஸ்எஸ்எல்_ரீட் கூப்பிட்டாலும் உதவியாளர் முதலில் அதை முடிக்கப் பார்ப்பார். அந்தச் சமயம் வெளியே அனுப்பும் பஃபர் நிரம்பியிருந்தால் அவரால் எழுத முடியாது. உங்களிடம் "எழுத இடம் கிடைத்ததும் சொல்" என்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது: எழுத இடம் இருக்கிறதா என்று போலிடம் கேளுங்கள், இடம் வந்ததும் மறுபடி எஸ்எஸ்எல்_ரீட்டையே கூப்பிடுங்கள். எஸ்எஸ்எல்_ரைட்டை அல்ல. எழுத வேண்டியது உங்கள் தரவு இல்லை, அவருடைய குறிப்பு. எதிர்ப்பக்கமும் இப்படியே, எஸ்எஸ்எல்_ரைட் வான்ட்_ரீட் சொல்லக்கூடும்.

இதற்காக எல்லா நேரமும் "எழுத இடம் இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பெரும்பாலான நேரம் இடம் இருக்கும், ஆகவே போல் ஒரு கணமும் காத்திராமல் திரும்பித் திரும்பி வந்து சிபியு முழுவதையும் தின்றுவிடும். வான்ட்_ரைட் வந்தபோது மட்டும் கேளுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பிழையா, விடைபெறுதலா?

எஸ்எஸ்எல்_கெட்_எரரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நீங்கள் கொடுக்கும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அந்த திரெட்டின் பிழை வரிசையையும் பார்க்கிறது. வேறொரு இணைப்பில் நடந்த பழைய பிழை அந்த வரிசையில் தங்கியிருந்தால், நல்ல இணைப்பைக்கூடக் கெட்டுப்போனதாகச் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு எஸ்எஸ்எல்_ரீட்டுக்கும் முன்னால் ஈஆர்ஆர்_கிளியர்_எரர் கூப்பிடுங்கள், பின்னால் வேறு எதையும் இடையில் நுழைக்காமல் அதே திரெட்டில் எஸ்எஸ்எல்_கெட்_எரர் கூப்பிடுங்கள்.

இணைப்பு முடிவதிலும் இரு வகை உண்டு. மறுமுனை முறையாக விடைபெற்றால் குளோஸ்_நோட்டிஃபை என்ற செய்தி வரும், எஸ்எஸ்எல்_கெட்_எரரிடமிருந்து உங்களுக்கு ஜீரோ_ரிட்டர்ன் என்ற பதில் கிடைக்கும். அந்தச் செய்தி இல்லாமலே டிசிபி இணைப்பு மூடப்பட்டால் சந்தேகப்பட வேண்டும். நடுவில் இருக்கும் ஒருவர் தரவை மாற்ற முடியாவிட்டாலும் பாதியில் வெட்டிவிட முடியும், வெட்டுப்பட்ட கோப்பை முழுக் கோப்பு என்று நீங்கள் சேமித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இந்தத் திடீர் முடிவை 1.1.1 பதிப்பு எஸ்எஸ்எல்_எரர்_சிஸ்கால் என்றும், எர்ர்நோ 0 என்றும் காட்டும். 3.0 முதல் அது எஸ்எஸ்எல்_எரர்_எஸ்எஸ்எல் ஆகிவிட்டது. பழைய நிரலைப் புதிய பதிப்போடு சேர்த்தவுடன் "புதிதாகப் பிழை வருகிறதே" என்று தோன்றினால் முதலில் இங்கே பாருங்கள். இவ்விரு பதில்களில் எது வந்தாலும் அந்த இணைப்பில் இனி எதையும் செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

சுற்று எப்படி இருக்க வேண்டும்

எல்லாவற்றையும் ஒரு சுற்றாக ஓட்டிப் பார்ப்போம். போல் எழுப்புகிறது. பிழை வரிசையைத் துடைத்துவிட்டு எஸ்எஸ்எல்_ரீட். தரவு வந்தால் வாங்கிச் சேர்த்துவிட்டு மறுபடி எஸ்எஸ்எல்_ரீட். வான்ட்_ரீட் வந்தால் படிப்பதற்கான மணிக்கும், வான்ட்_ரைட் வந்தால் எழுதுவதற்கான மணிக்கும் பதிந்துகொண்டு போலுக்குத் திரும்புங்கள். ஜீரோ_ரிட்டர்ன் என்றால் முறையான முடிவு, மற்றவை என்றால் இணைப்பை விடுங்கள்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரே இணைப்பில் ஜிகாபைட் கணக்கில் கொட்டிக்கொண்டே இருந்தால் வான்ட்_ரீட் வரவே வராது, மற்ற இணைப்புகள் பட்டினி கிடக்கும். அதற்கு ஒரு வரம்பு வையுங்கள், ஒரு முறைக்கு இத்தனை பைட்டுகள் என்று. ஆனால் வரம்பை எட்டி நடுவில் கிளம்பும்போது மேசையில் தரவு கிடக்கலாம் என்பதை மறக்காதீர்கள், மணியை நம்பிப் போகக்கூடாது. "இன்னும் வேலை பாக்கி" என்று ஒரு பட்டியலில் அந்த இணைப்பைப் போட்டுவையுங்கள், பட்டியல் காலியாகும்வரை போலைக் காத்திருப்பு நேரம் 0 வைத்துக் கூப்பிடுங்கள்.

எழுதியது சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, எஸ்எஸ்எல்_ரீட்டுக்குக் கொடுக்கும் பஃபரை ஒரே ஒரு பைட்டாகச் சுருக்கி ஓட்டுவது. நிரல் மெதுவாகும், ஆனால் நிற்கக்கூடாது. நின்றால் மேசையை மறந்திருக்கிறீர்கள். அப்புறம், ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு வரும் எஸ்_கிளையன்ட் கருவியால் உங்கள் சர்வரோடு டிஎல்எஸ் 1.3-இல் இணைந்து, ஒரு வரியில் பெரிய எழுத்து 'கே' மட்டும் அடித்தால் பதில் கேட்கும் கீஅப்டேட் ஒன்று போகும். உங்கள் சர்வரில் மணி அடிக்கும், தரவு எதுவும் வராது. அதைத் தாண்டியும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ஸ்டிரேஸ் (நிரல் கெர்னலிடம் கேட்பவற்றைப் பட்டியலிடும் கருவி) போட்டு ஓட்டினால் உதவியாளர் நடப்பதையே கண்ணால் பார்க்கலாம்: ரீட்_அஹெட் இல்லாதபோது முதலில் 5 பைட்டுகளுக்கு ஒரு ரீட், அதில் நீளம் தெரிந்ததும் மிச்ச ரெக்கார்டுக்கு இன்னொரு ரீட்.